நாவொலியைக் காணோம்

சீடருக்கு வயது ஐம்பத்து மூன்று. குருவுக்கு முப்பத்தொன்று.

குரு என்றதும் தாடியையும் காவியையும் தேட வேண்டாம். ஷமீமா பள்ளபட்டிப் பெண். கரூரில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்துகொண்டு, வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே கணினி நிரல் எழுதுகிறவள். சீடர் மருதாசலம் அந்த வீட்டின் சொந்தக்காரர். பஸ் பாடி கட்டும் பட்டறையில் ஸ்டோர் கீப்பர். அவள் குடிவந்த புதிதில் 'அம்மிணி' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவளிடம் பாடம் கேட்க உட்கார்ந்த நாளிலிருந்து அது 'டீச்சருங்க' ஆகிவிட்டது. வாடகையை மட்டும் குறைக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தார். செருப்பைக் கழற்ற மறந்திருந்தார்.

"டீச்சருங்க, நாவொலியைக் காணோம்."

"உக்காருங்கண்ணா."

"உக்கார நேரமில்லீங்க. நாலு மணிக்குப் பேர் வைக்கறாங்க."

அவருடைய மனைவி தெய்வானைக்குத் தொண்டையில் கட்டி வந்து, போன வருஷத்துக்கு முந்தின வருஷம் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது, குரல் போய்விட்டது. புருஷனைக் கூப்பிட வேண்டுமென்றால் இரண்டு தடவை கை தட்டுவாள். கறிகாய்க்காரரையும் அப்படித்தான் கூப்பிட்டாள். அந்தக் கைதட்டலை மருதாசலத்தால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. அதற்காகத்தான் ஐம்பது வயதுக்கு மேல் நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். டேப்லெட்டில் வரிசையாகப் பொத்தான்கள். அழுத்தினால் அது பேசும்.

பேசுகிற வேலையைச் செய்தது நாவொலி. தமிழ் எழுத்தைக் கொடுத்தால் குரலாக மாற்றித் தருகிற நிரல் தொகுதி. யாரோ எழுதி, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளட்டும் என்று இணையத்தில் இருக்கிற பொதுக் களஞ்சியத்தில் சும்மாவே போட்டு வைத்திருந்தார்கள். அந்த யாரோ ஆணா பெண்ணா, எந்த ஊர், எதுவும் மருதாசலத்துக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. லேசாகக் கரகரத்த, நடுவயதுப் பெண்ணின் குரல் அது. முதல் நாள் தெய்வானை பொத்தானை அழுத்த, டேப்லெட் "சாப்பிட வாங்க" என்றது. மருதாசலம் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதார்.

இன்றைக்குத் தெய்வானையின் தம்பி சம்பத்தின் குழந்தைக்குப் பேர் வைக்கிறார்கள். கல்யாணமாகி எத்தனையோ கோயில் ஏறி இறங்கிப் பிறந்த பெண் குழந்தை. அவர்கள் வீட்டு வழக்கப்படி அத்தைதான் குழந்தையை மடியில் வைத்து, காதில் மூன்று முறை பேரைச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் அந்தப் பேரை வாயில் எடுக்கலாம். வேறு யாரையாவது சொல்லச் சொல்லலாமா என்று சம்பத்தின் மாமியார் வீட்டில் ஒரு பேச்சு எழுந்தது. சம்பத் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். "எங்கக்கா சொல்லும்."

தெய்வானை அதைக் கேட்டதிலிருந்து தரையில் கால் பாவாமல் திரிந்தாள்.

"என்ன செஞ்சீங்க, முதல்ல இருந்து சொல்லுங்க" என்றாள் ஷமீமா.

"குழந்தை பேருக்கு ஒரு பொத்தான் சேர்த்தேனுங்க."

"சரி. அதுக்கப்புறம்?"

"அதோட நிறுத்தியிருக்கலாம்."

"நிறுத்தலையா?"

"நல்ல நாளும் அதுவுமா எல்லாம் புதுசா இருக்கட்டும்னு, இறக்கி வெச்சிருந்த தொகுதி அத்தனையையும் புதுப் பதிப்புக்கு மாத்துனேன். ரெண்டு தொகுதி மூணாவது ஒண்ணை வெச்சு அடிச்சுக்குச்சு. நாவொலி பழைய பதிப்புத்தான் வேணும்னுச்சு. இன்னொண்ணு புதுசில்லாம நகர மாட்டேன்னுச்சு."

"அதுக்கு?"

"அழிச்சுப்போட்டேன்."

"எதை?"

"எல்லாத்தையும்."

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது ஒரு பழக்கம். களஞ்சியத்திலிருந்து இறக்கிய தொகுதிகள் அவரவர் கணினியில் ஒரு மூலையில் சேர்ந்து கிடக்கும். ஏதாவது மக்கர் பண்ணினால், யோசிக்காமல் அந்த மூலையைத் துடைத்தெடுத்துவிட்டு மறுபடியும் எல்லாவற்றையும் இறக்குவார்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். ஏன் சரியானது என்று யாரும் கேட்பதில்லை. பட்டறையில் துருப்பிடித்த போல்ட்டு ஒன்று கண்ணில் பட்டால் அலமாரியையே காலி செய்கிற மருதாசலத்துக்கு இந்தப் பழக்கம் அல்வா சாப்பிடுகிற மாதிரி.

இந்த முறை களஞ்சியம் கையை விரித்துவிட்டது. நாவொலி அங்கே இல்லை. எழுதியவரே எடுத்துவிட்டிருந்தார். எப்போது, எதற்காக, ஒரு தகவலும் இல்லை.

"டேப்லெட்ல பழசு இருக்குமே?"

"அதையும் எடுத்துப்போட்டேனுங்க. பழசை எடுத்தாத்தானே புதுசு சரியா உக்காரும்."

ஷமீமா தன் கணினியைத் திறந்தாள். அவள் திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவருடைய செல்போன் அடித்தது. தெரியாத எண்.

"லோன் வேணுமான்னு கேக்கறவன். ஞாயித்துக்கெழமைகூட விடமாட்டான்." துண்டித்தார்.

கீழே இரண்டு தடவை கைதட்டல் கேட்டது. மருதாசலம் படிக்கட்டை எட்டிப் பார்த்தார். "வந்துட்டேன்" என்று மாடியிலிருந்தே குரல் கொடுத்தார். போகவில்லை.

"அவளுக்கு இன்னும் சொல்லலீங்க."

"சொல்லிடுங்கண்ணா."

"எப்படிங்க சொல்றது? எந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சொல்றது?"

ஷமீமா தன் கணினியில் தேடிப் பார்த்தாள். தமிழ் பேசுகிற வேறொரு தொகுதி கிடைத்தது. இறக்கி, குழந்தையின் பேரைக் கொடுத்தாள். ரயில் நிலையத்தில் வண்டி தாமதம் என்று அறிவிக்கிற அதே அதட்டலில் அது "எளிளி" என்றது.

"எழிலி" என்றார் மருதாசலம், அதற்குத் திருத்திச் சொல்வதுபோல.

"எளிளி" என்றது அது மறுபடியும்.

அவருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "நாவொலி எழுதின அந்தாளுக்கு மனசாட்சி இருக்குதுங்களா? வெச்ச பொருளை இப்படிச் சொல்லாம கொள்ளாம எடுத்துட்டுப் போனா, நம்பி இருக்கறவன் என்ன ஆவான்? ஒரு நிமிஷம் நெனைச்சுப் பார்த்தானா?"

ஷமீமா நாவொலியின் தடயம் வேறெங்காவது மிச்சமிருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தாள்.

"டீச்சருங்க, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்க."

"யாரையும் நம்பாம ஒரு நிரல் எழுத முடியாதுங்களா? நம்மளே, நம்ம கையால, முழுசா. எவன் எடுத்தாலும் எடுக்காட்டியும் நமக்கென்னன்னு."

ஷமீமா தேடுவதை நிறுத்தினாள். அவருடைய மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து, ஒன்றுமே எழுதாத ஒரு வெற்றுக் கோப்பைத் திறந்து அவர் முன்னால் திருப்பி வைத்தாள்.

"எழுதுங்க" என்றாள்.

"இப்பவா?"

"இப்பத்தான் கேட்டீங்க."

மருதாசலம் வேர்த்த விரல்களால் முதல் வரியை அடித்தார். திரையில் ஒரு சொல்லைக் காட்டச் சொல்கிற வரி. மிகச் சின்னது.

ஷமீமா அதை அழித்தாள். "திரையில காட்டுற வேலையை யார் எழுதினாங்க?"

அவர் யோசித்தார். வெறும் கூட்டல் கணக்கு ஒன்றை எழுதினார். அதையும் அழித்தாள். "இந்தக் கூட்டல் குறிக்கு என்ன அர்த்தம்னு இந்தக் கணினிக்குச் சொல்லிக்கொடுத்தது யாரு?"

அவர் வேறெதுவும் எழுதாமல் 'அ' என்ற ஓர் எழுத்தை மட்டும் அடித்துவிட்டு அவளைப் பார்த்தார். அவள் அழிக்கவில்லை. அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மருதாசலமே அதை அழித்தார்.

வெற்றுக் கோப்பில் கோடு மட்டும் விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.

போன் மறுபடியும் அடித்தது. அதே எண். மறுபடியும் துண்டித்தார்.

படியில் காலடிச் சத்தம். தெய்வானை வந்து நின்றாள். பட்டுப்புடவையை இப்போதே கட்டிக்கொண்டிருந்தாள். கழுத்தில் இருந்த துளையை மறைத்துச் சின்னதாக ஒரு வெள்ளைத் துணி. கையில் டேப்லெட். புருஷனைப் பார்த்தபடி ஒரு பொத்தானை அழுத்தினாள். சத்தம் வரவில்லை. இன்னொன்றை அழுத்தினாள். அதற்கும் வரவில்லை.

"தெய்வான, அது வந்து..." என்று ஆரம்பித்தார்.

அவள் ஒலியைக் கூட்டிப் பார்த்தாள். டேப்லெட்டைக் காதருகே வைத்துப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். முப்பது வருஷம் குடித்தனம் பண்ணினவளுக்கு அந்த முகத்தைப் படிக்க நேரம் பிடிக்கவில்லை. டேப்லெட்டை மெதுவாக மேசைமேல் வைத்துவிட்டு, புடவைத் தலைப்பால் அதன் கண்ணாடியைத் துடைத்தாள். கீழே இறங்கிப் போனாள். கை தட்டவில்லை.

மருதாசலம் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். "பாவி நான். அவ குரலை ரெண்டாவது தடவை நான் எடுத்துப்போட்டேன்."

ஷமீமா கேட்டாள். "அழிச்சது இவ்வளவுதானா? வேற எதையாவது தொட்டீங்களா?"

"வேறன்னா..."

"சொல்லுங்கண்ணா."

"என்ற பொத்தான் தொகுதி, நான் எழுதுனது, இருக்குதுல்லீங்க."

போன வருஷம் ஷமீமா வீட்டுப்பாடமாக எழுதச் சொன்னது அது. டேப்லெட்டில் பெரிய பெரிய பொத்தான்களை வரைந்து, அழுத்தினால் நாவொலியைப் பேச வைக்கிற சிறு தொகுதி. எழுதி முடித்ததும் களஞ்சியத்தில் போடச் சொல்லியிருந்தாள். மருதாசலம் பெருமையாகப் போட்டார். பட்டறையில் பொருள்மேல் அடையாளச் சீட்டு ஒட்டிப் பழகிய கை, அதன் பக்கத்தில் தன் பேரையும் ஊரையும் செல்போன் எண்ணையும்கூட எழுதி வைத்தது. போன மாதம் அதை இன்னும் கொஞ்சம் மெருகேற்றிப் புதுப் பதிப்பும் போட்டிருந்தார்.

"அதுக்கென்ன?"

"நாவொலி போனதும் அதுமேல செவப்பா ஒரு குறி விழுந்துபோச்சுங்க. 'தேவையான தொகுதி கிடைக்கவில்லை'ன்னு. என்ற பேருக்குக் கீழ செவப்பு நிக்கறதைப் பார்க்க முடியல. எடுத்துப்போட்டேன்."

"களஞ்சியத்துல இருந்தா?"

"ஆமாங்க. காலையில. 'நிச்சயமாகவா'ன்னு கேட்டுது. ஆமான்னு அழுத்தினேன். கத்துக்கறதுக்குப் போட்டதுதானுங்க, அதை யாரு எடுத்துப் புழங்கப்போறாங்க?"

ஷமீமா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு மேசைமேல் கிடந்த செல்போனைப் பார்த்தாள்.

அது அடித்தது. அதே எண்.

மருதாசலத்தின் விரல் துண்டிக்கப் போனது.

"எடுங்கண்ணா" என்றாள்.

"லோன்காரனுங்க."

"எடுங்க."

எடுத்தார். எதிர்முனையில் மூச்சிரைப்பது கேட்டது.

"சார், மருதாசலம் சாருங்களா? தயவுசெஞ்சு வெச்சிடாதீங்க சார். ஆரணியில இருந்து பேசறேன். ஏகநாதன்னு பேரு. நீங்க எழுதின பொத்தான் தொகுதியைத்தான் சார் நாங்க போட்டிருக்கோம்."

போனை ஒலிபெருக்கியில் போட்டாள் ஷமீமா.

"என் தம்பி பொறந்ததுல இருந்து பேச மாட்டான் சார். விரலும் நடுங்கும். சின்னப் பொத்தான்னா அழுத்த வராது. உங்களதுதான் பெருசா இருக்கும். நேத்து டேப்லெட் கீழ விழுந்து உடைஞ்சு போச்சு. புதுசு வாங்கிட்டு வந்தேன். பழைய பதிப்பு இதுல உக்கார மாட்டேங்குது. போன மாசம் நீங்க போட்ட புதுசு உக்காரும்னு நெனைச்சு காலையில இறக்கப் பார்த்தா, அதைக் காணோம் சார். கண்ணாடியைக் கண்ணாடியை அடிச்சிட்டு உக்காந்திருக்கான். என்ன வேணும்னு எனக்குப் புரியல. காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல."

பின்னால் ஏதோ தட்டுகிற சத்தம் கேட்டது. இரண்டு தடவை. நிறுத்தி, மறுபடியும் இரண்டு தடவை.

மருதாசலத்தின் கண்ணில் நீர் முட்டியது. "இருக்குதுங்க. என்றகிட்ட இருக்குது. இதோ, இந்த நிமிஷம் திரும்பப் போட்டுடறேனுங்க. மன்னிச்சுக்குங்க. நான்தான்... நான்தான் காலையில..."

"பரவாயில்ல சார். கெடைச்சாப் போதும் சார்."

ஷமீமா குனிந்து கேட்டாள். "சார், நான் அவரோட டீச்சர் பேசறேன். உங்க வீட்டுக் கணினியில நாவொலி இருக்குதா? களஞ்சியத்துல அது இல்ல. நீங்க முன்ன இறக்கினது?"

"இருக்கும்மா. நான் எதையும் அழிக்கறதே இல்ல. வீட்டம்மா குப்பை குப்பைன்னு திட்டும். எல்லாம் அப்படியே கெடக்குது."

"அதை எங்களுக்கு அனுப்ப முடியுமா?"

"இதோம்மா. எந்த மூலையில இருக்கும்னு மட்டும் சொல்லுங்க."

அவள் சொன்னாள். அவர் தேடினார். அங்கே ஏகநாதன் தடுமாறித் தடுமாறித் தேட, இங்கே மருதாசலம் தன் தொகுதியைக் களஞ்சியத்தில் மறுபடியும் ஏற்றினார். ஏறியது. சிவப்புக் குறி அதன் மேலேயே இருந்தது. அவர் அதைப் பார்த்தார், விட்டுவிட்டார்.

ஆரணியில் பொத்தான் தொகுதி இறங்கியது. கரூருக்கு நாவொலி வந்து சேர்ந்தது. போனை வைப்பதற்கு முன்னால், எதிர்முனையில் அந்தக் கரகரத்த பெண்குரல் சின்னதாகக் கேட்டது. "தண்ணி வேணும்."

"தண்ணியாடா கேட்ட? தண்ணியாடா கேட்ட, இவ்வளவு நேரமா?" என்று ஏகநாதன் அழுதுகொண்டே சொல்வதும் கேட்டது. பிறகு போனை வைத்துவிட்டார்.

ஷமீமா நாவொலியை அதன் இடத்தில் வைத்தாள். அதோடு சண்டை போட்ட தொகுதியை எடுத்துக் காட்டினாள்.

"புதுப் பதிப்புதான் வேணும்னு அடம்பிடிக்கற அந்த இன்னொண்ணு எதுக்கு?"

"பொத்தானை அழுத்தினா ஓரத்துல பூ விழுந்து மறையுமுங்க. அழகுக்கு."

"அண்ணி அதைக் கேட்டாங்களா?"

"இல்லீங்க."

பூ விழுவதை எடுத்துவிட்டாள். எல்லாவற்றையும் பழைய பதிப்பிலேயே நிறுத்தினாள். சண்டை ஓய்ந்தது. டேப்லெட்டில் ஏற்றுகிற வரைக்கும் மருதாசலம் மூச்சு விட்டாரா என்பது சந்தேகம்தான். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடினார். செருப்பு இன்னும் காலில்தான் இருந்தது.

சமையலறையில் தெய்வானை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவர் ஒன்றும் பேசாமல் பொத்தானை அழுத்தினார்.

"சாப்பிட வாங்க" என்றது டேப்லெட்.

அவள் திரும்பினாள். டேப்லெட்டைப் பிடுங்கிக்கொண்டு, எழுத்துப் பலகையைத் திறந்து விறுவிறுவென்று எதையோ அடித்தாள். அது அவளுக்காகச் சொன்னது. "இனிமேல் இதை நீங்க தொட்டீங்கன்னா கையை ஒடிப்பேன்."

நாலு மணிக்குச் சம்பத் வீட்டில் கூடம் நிறைய ஆட்கள். ஷமீமாவையும் வற்புறுத்திக் கூட்டிப் போயிருந்தார்கள். தெய்வானை மணையில் உட்கார்ந்தாள். சம்பத் குழந்தையைக் கொண்டுவந்து மடியில் வைத்தான். பேச்சுச் சத்தம் ஓய்ந்தது. தெய்வானை டேப்லெட்டை அந்தச் சின்னக் காதின் அருகே வைத்து, ஒலியைக் குறைத்து, அழுத்தினாள்.

"எழிலி."

இரண்டாவது தடவை. "எழிலி."

மூன்றாவது தடவை அழுத்தும்போது அவளுடைய உதடுகளும் சத்தமில்லாமல் கூடவே அசைந்தன. சம்பத் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். குழந்தை கொட்டாவி விட்டது. எல்லோரும் ஒரே நேரத்தில் அந்தப் பேரைச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

பொழுது சாயும்போது மருதாசலமும் ஷமீமாவும் திரும்பி நடந்தார்கள். தெய்வானை தம்பி வீட்டிலேயே தங்கிவிட்டாள். பேசுவதற்கு அவளுக்கு நிறைய இருந்தது.

மருதாசலத்துக்கு இப்போதுதான் உடம்பு தன்னுடையதாக இருந்தது. வாயில் வெற்றிலை, மனசில் நிம்மதி. நிம்மதி வந்ததும் காலையில் வந்த ஆத்திரமும் பின்னாலேயே வந்தது.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுங்க. ஆனா ஒண்ணு, டீச்சருங்க. நாவொலியை எழுதின அந்தாளு யாருன்னு கண்டுபிடிக்கணும்."

"கண்டுபிடிச்சு?"

"நேர்லயே போயி ஒரே ஒரு கேள்வி கேக்கணுமுங்க. ஏன் எடுத்தீங்கன்னு. அவ்வளவுதான். அதை மட்டும் கேட்டுப்போட்டு வந்துடுவேன்."

தெரு முனை வந்ததும் ஷமீமா சொன்னாள்.

"ஆரணிக்காரர் உங்ககிட்ட அதைக் கேக்கவே இல்லையேண்ணா."